ஓடிப்போன அடிமைக்கு ஒரு ஜாதகம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினெட்டு வீடுகள். அவற்றில் பாதிக்கு மேல் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் வீடுகள். பிள்ளைகளை வெறும் பெங்களூருக்கு அனுப்பியவர்கள் லிஃப்டில் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார்கள். எனக்குப் பிள்ளைகளே இல்லை என்பதால் நான் எந்த வரிசையிலும் வரமாட்டேன். வீடு வாங்கும்போது மொட்டை மாடியிலிருந்து ராஜகோபுரம் தெரியும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது அந்தத் திசையில் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது.

திருச்சியில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு வருடம் வரலாறு நடத்தினேன். அமெரிக்க வரலாறு என்னுடைய பாடம். என் சக ஆசிரியர்கள் அதை எப்படி நடத்தினார்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மஞ்சளாகிப்போன நோட்டைத் திறந்து, உள்நாட்டுப் போருக்குக் காரணங்கள் எட்டு என்று ஆரம்பிப்பார்கள். எட்டையும் சொல்லி முடித்ததும் விளைவுகள் ஆறு. மணி அடித்தால் மீதி நாளைக்கு. ஒருத்தர் அந்த நோட்டை லேமினேட் செய்துகூட வைத்திருந்தார். நான் அப்படி நடத்தியதில்லை. புல்வெளிப் பண்ணையில் ஒரு விவசாயியின் மனைவி எழுதிய நாட்குறிப்பு, பஞ்சாலையில் வேலை செய்த பெண் வீட்டுக்குப் போட்ட கடிதங்கள், ரயில் பாதை போட்ட கூலிக்காரர்கள் சொன்ன கதைகள், தப்பி ஓடிய அடிமைகளின் வாழ்க்கை வரலாறுகள், இவைதான் என் பாடப்புத்தகம். ஒரு மனுஷி தன் வாயால் சொன்னதைக் கேட்காமல் அவள் நாட்டைப் பற்றிப் பேச யாருக்கும் யோக்கியதை இல்லை என்று சொல்வேன். அப்படிச் செய்யாதவர்களை மட்டமாகத்தான் பார்த்தேன். அதை மறைத்ததும் இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியைக் கெடுத்தவர் அசோசியேஷன் செயலாளர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடிப்படி பெருக்குவதற்குக்கூட சுற்றறிக்கை விடுவார். ஒரு நாள் காலை வந்து சோபா நுனியில் உட்கார்ந்தார்.

"மேடம், போன தடவை போயிருந்தப்போ பேத்தி கேட்டா. 'தாத்தா, அடிமைகளை ஏன் வச்சிருந்தாங்க'ன்னு. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலை. வர்ற செப்டம்பர்ல மறுபடி போறேன். நீங்க சனிக்கிழமை காலைல ஒரு மணி நேரம் ஹால்ல வகுப்பு எடுத்தீங்கன்னா எல்லாருக்கும் யூஸ்ஃபுல்லா இருக்கும்."

எட்டு வயதுப் பேத்தியிடம் தோற்றவருக்காக நான் வகுப்பெடுக்க வேண்டும். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் முப்பத்தோரு வருடப் பழக்கம் சும்மா விடுமா. நோட்ஸ் கிடையாது, காரணங்கள் எட்டு கிடையாது, வாழ்க்கை வரலாறுகளை மட்டும்தான் படிப்போம் என்று நிபந்தனை போட்டு ஒப்புக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். மூன்றாவது சனிக்கிழமை நிலைத்தவர்கள் மூன்று பேர். செயலாளர், அவர் மனைவி, அப்புறம் இரண்டாவது மாடிக்காரர் ஒருவர். இந்த இரண்டாவது மாடிக்காரர் துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பது வருடம் நட்டும் போல்ட்டும் எண்ணியவர். ஓய்வுக்குப் பிறகு கிரகங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். கட்டடத்தில் யார் வீட்டில் கல்யாணப் பேச்சு என்றாலும் ஜாதகக் கட்டு முதலில் அவர் மடிக்குத்தான் போகும்.

மூவரும் படித்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். செயலாளர் கையில் சிவப்புப் பேனாவோடு படிப்பார். பண்ணைக்காரி மூன்று நாள் பனிப்புயலில் மாட்டிக்கொண்டு கைக்குழந்தையைப் பறிகொடுத்ததை நான் படித்துக் காட்டினால், "இது எந்த ஸ்டேட்? எங்க பையன் வீட்டிலேர்ந்து கார்ல நாலு மணி நேரம்தான்" என்பார். அவர் மனைவிக்கு எல்லோருடைய சாப்பாட்டிலும்தான் கண். "இவா எல்லாரும் மாட்டு மாமிசம்தான் சாப்ட்டாளா? கறிகாயே கிடையாதா?" பஞ்சாலைப் பெண்ணின் கடிதத்தில் உருளைக்கிழங்கு வந்ததும் முகம் தெளிந்தது. அந்தப் பெண்ணுக்கு விரல் போனது அடுத்த பத்தியில்தான். அதற்குள் புத்தகத்தை மூடிவிட்டார். ஸ்டோர்ஸ்காரர் ஒன்றும் பேசமாட்டார். அட்டைக்குள் தேதிகளை மட்டும் குறித்துக்கொள்வார். மூன்று பேரில் அவரைத்தான் முழு மக்கு என்று முடிவு கட்டியிருந்தேன்.

கதவோரம் நாலாவதாக ஒருத்தி இருந்தாள். என் வீட்டில் வேலை செய்பவள். பத்தொன்பது வருடமாக என்னிடம் இருக்கிறாள், இதே கட்டடத்தில் இன்னும் இரண்டு வீடும் செய்கிறாள். வகுப்புக்கு ஃபிளாஸ்கில் காபி கொண்டுவருவதும், முடிந்ததும் ஹாலைப் பெருக்குவதும் அவள் பொறுப்பு. அதுவரை வாசல் பக்கம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். மடக்கி உட்கார முடியாது. இரண்டு முழங்காலும் வீங்கி, பாத்திரம் தேய்த்துவிட்டு எழுந்திருக்க சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. கணவன் இறந்து வெகுகாலம். ஒரே மகன் திருப்பூரில், பொங்கலுக்குப் போன் செய்வதோடு சரி. முதியோர் பென்ஷன் வந்தால் மற்ற இரண்டு வீட்டையும் விட்டுவிடலாம் என்பதுதான் அவள் கணக்கு. பங்குனியில் மனு கொடுத்தாள். ஆதாரில் ஐம்பத்துநாலு வயதுதான் ஆகிறது, இன்னும் ஆறு வருடம் கழித்து வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஆறு வருசம் இந்தக் கால் தாங்காதும்மா" என்றாள் என்னிடம்.

"அதுக்கு அவங்க என்ன செய்வாங்க? ரூல்னா ரூல்தான்" என்றேன். வயதை ஒழுங்காகப் பதிவு செய்துகொள்ளத் தெரியாத ஜனங்கள் என்று மனதுக்குள் ஒரு சலிப்பு. ஒவ்வொரு ஜூன் முதல் தேதியும் வங்கியிலிருந்து அவள் போனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வரும். என்ன வந்திருக்கிறது என்று என்னிடம்தான் நீட்டுவாள். படித்துக் காட்டுவேன். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஆறாவது வகுப்புக்கு என் வாழ்நாளில் நான் மிகவும் விரும்பி நடத்திய நூலை எடுத்தேன். தப்பி ஓடிய ஒரு அடிமைப் பெண் கிழவியான பிறகு சொல்லச்சொல்ல யாரோ எழுதிக்கொண்ட சிறிய நூல். தான் பிறந்த தேதி தெரியாது என்றுதான் அவள் ஆரம்பிக்கிறாள். பண்ணைக் கணக்குப் புத்தகத்தில் கன்றுக்குட்டிகள் பிறந்ததற்குக் கீழே அவள் பிறந்ததும் ஒரு வரி. அந்த வரியைக்கூட முதலாளி அவளுக்குக் காட்டவில்லை. விற்க நினைக்கும்போது வயதைக் குறைத்துச் சொல்வான், வயலுக்கு அனுப்ப நினைக்கும்போது கூட்டிச் சொல்வான்.

அன்றைக்கு நான் நன்றாகவே பேசினேன். ஒருவருடைய வயதை இன்னொருவர் தன் வசதிக்கு எழுதிக்கொள்கிற இடத்தில்தான் அடிமைத்தனம் தொடங்குகிறது என்று சொன்னேன். கல்லூரியில் இதைச் சொன்னால் பின்பெஞ்சுகூட அடங்கிவிடும். அதனால் இன்னொரு தரம் சொன்னேன்.

மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். செயலாளர் மனைவியின் கண் கலங்கியிருந்தது. பரவாயில்லை, கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

"பிறந்த தேதியே தெரியாதா?" என்றார் அந்த அம்மாள். "அப்போ நட்சத்திரம்?"

"தெரியாது."

"கல்யாணத்துக்குப் பொருத்தம் எப்படிப் பார்த்திருப்பா, பாவம்."

சாட்டையடி, ஏலம், தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்தது, எதுவும் அவர்களைத் தொடவில்லை. ஜாதகம் இல்லாமல் ஒருத்தி எழுபது வருடம் உயிரோடு இருந்திருக்கிறாள் என்பதுதான் தாங்கமுடியவில்லை. அப்போதுதான் ஸ்டோர்ஸ்காரர் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"ஜாதகம் தொலைஞ்சவங்களுக்கும், இல்லாதவங்களுக்கும் கணிக்க வழி இருக்குங்க மேடம். நஷ்ட ஜாதகம்னு பேரு. நடந்ததையெல்லாம் வரிசையா கேட்டு, அதை வச்சுப் பின்னாடி போகணும். அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் குடுங்க, ஒரு வாரத்துல தரேன்."

கொடுத்தேன். என்ன செய்கிறார் பார்க்கலாம் என்கிற இளக்காரம்தான் காரணம்.

அடுத்த சனிக்கிழமை அவர் சார்ட் பேப்பரில் பெரிய கட்டம் போட்டுக் கொண்டுவந்தார். ராசிக் கட்டம், நவாம்சக் கட்டம், ஓரத்தில் தசா புத்தி இருப்பு. அங்கே கடிகாரம் பத்து மணி நேரம் பின்னால் என்பதால் அதையும் கழித்திருந்தார். ஒரு அட்டவணையில் அவள் வாழ்க்கை முழுக்க இருந்தது. தாயைப் பிரிந்தது, முதல் முறை விற்கப்பட்டது, பிள்ளை பிறந்தது, ஓடியது. ஸ்டோர்ஸில் சரக்குப் பதிவு எழுதுகிற அதே குண்டு எழுத்து.

"விசாக நட்சத்திரம், மூணாம் பாதம். சனி தசை முடிஞ்ச மாசம்தான் தப்பிச்சிருக்காங்க. எவ்வளவு கச்சிதமா உக்காருது பாருங்க."

"பரிகாரம் சொல்ல ஒருத்தர் இல்லாம போயிட்டா" என்றார் செயலாளர் மனைவி. செயலாளர் பேத்திக்காகச் சிவப்பு மையில் குறித்துக்கொண்டார். அந்தக் குழந்தையின் வகுப்பில் அடிமைமுறைக்குக் காரணம் சனி என்று ஒரு தாத்தா மூலம் போய்ச் சேரப்போகிறது.

என் பொறுமை அவ்வளவுதான். "ஒரு தேசத்து அடிமைங்க எல்லாருக்கும் ஒரே சமயத்துல சனி தசையாங்க?" என்று கேட்டேன்.

"அதுக்கு நாட்டு ஜாதகம் தனியா பார்க்கணும்" என்றார் அமைதியாக.

பிறகு நான் பேசியதை அப்படியே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. நட்டும் போல்ட்டும் எண்ணின மூளைக்கு மனுஷ வாழ்க்கையும் அலமாரிச் சரக்குதான் என்றேன். உங்களுக்கெல்லாம் வரலாறு எதற்கு, பஞ்சாங்கம் போதும் என்றேன். செயலாளர் தம்பதி விசாப் புகைப்படத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்கள். ஸ்டோர்ஸ்காரர் கோபப்படவில்லை. சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தார். நான் புத்தகங்களைப் பையில் திணித்தேன்.

கதவோரம் இருந்தவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டோர்ஸ்காரர் பக்கம் போனாள்.

"ஐயா, பொறந்த தேதி தெரியாதவங்களுக்கும் பாக்கலாம்னு சொன்னீங்களே. எனக்குப் பாப்பீங்களா?"

"பாக்கலாமே. கீழ உக்காராதீங்க, முட்டி வலிக்கும். சேர்ல உக்காருங்க."

தயங்கினாள். அவரே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த ஹாலில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். இன்னொரு கூத்தையும் பார்த்துவிட்டே போகலாம் என்று நானும் நின்றேன்.

அவர் நட்சத்திரம் எதுவும் கேட்கவில்லை. "எழுபத்தேழுல ஊருக்குள்ள எல்லாம் தண்ணி வந்துச்சே, பெரிய வெள்ளம். அப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று ஆரம்பித்தார்.

"மண்ணச்சநல்லூர்ல, ரைஸ் மில்லுலங்க. எங்கம்மாவும் அங்கதான். அவிச்ச நெல்லு களத்துல காயுது, மழை கட்டிருச்சு, அள்ளுங்கன்னு மேஸ்திரி சத்தம் போடுறாரு. என்னால குனிய முடியல. வயித்துல ஏழு மாசம்."

"தலைப்பிள்ளையா?"

"ஆமாங்க. இப்ப திருப்பூர்ல இருக்கானே, அவன்தான்."

"கல்யாணம் எப்போ?"

"முந்தின வருசங்க. அந்தத் தீவாளிதான் தலைத்தீவாளி. மில்லுல எல்லாருக்கும் ஒரே துணியில சேலை குடுத்தாங்க, அதைத்தான் கட்டிக்கிட்டேன்."

"வயசுக்கு வந்து எத்தனை வருஷம் கழிச்சுக் கல்யாணம்?"

"மூணு. களத்துல இருந்தப்பதான் வந்தேன். அம்மா சாக்கைப் போத்தி வீட்டுக்குக் கூட்டிப் போச்சு." அவள் சிரித்தாள். "நான் பொறந்ததும் அந்தக் களத்துலதான்னு அம்மா சொல்லும். மாசி மகம் கழிஞ்சு நாலஞ்சு நாள்ல. நெல்லைத் துழாவிக்கிட்டு இருந்தப்ப வலி எடுத்துருச்சாம்."

முக்கால் மணி நேரம் இப்படியே போனது. ஒன்றைக் கேட்பார், எழுதுவார், எழுதியதை வாசித்துக் காட்டி சரியா என்று கேட்பார். கணவன் எந்தச் சுவர் விழுந்து இறந்தான் என்பது வந்தது. மில்லில் சூடு பட்ட முழங்கைத் தழும்பு வந்தது. அதை நான் ஏதோ பிறவி மச்சம் என்று நினைத்திருந்தேன். பத்தொன்பது வருடத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்குக் காபியில் சர்க்கரை கூடுதலாக வேண்டும் என்பது மட்டும்தான்.

வயதுக்கு வந்தது பதிமூன்றில் என்று வைத்துக்கொண்டு அவர் கூட்டிப் பார்த்தார். "உங்களுக்கு அறுபத்தஞ்சு. ஒண்ணு முன்னப்பின்ன இருக்கலாம்."

எனக்கு அறுபத்திரண்டு. பத்தொன்பது வருடமாக நான் வா, போ என்று விரட்டியவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர்.

"ஆதார்ல ஐம்பத்துநாலா போட்டிருக்கு?" ஸ்டோர்ஸ்காரர் மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "அப்படின்னா பிள்ளை பொறக்கும்போது உங்களுக்கு ஏழு வயசு. இதை எந்த முட்டாள் எழுதினான்?"

என் வீட்டில் வேலை செய்பவர் நாற்காலியைவிட்டு எழுந்தார். காபி டம்ளர்களை அடுக்கினார். ஸ்டோர்ஸ்காரர் மறுபடியும் கேட்ட பிறகு, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"அம்மாதாங்க. இங்க முகாம் நடந்தப்ப."

நினைவு வந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் முன்னால் இதே ஹாலில் ஆதார் முகாம். வேலை செய்கிறவர்கள், வாட்ச்மேன்கள் எல்லோருக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்தது நான். பெரிய சேவை செய்ததாக ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உனக்கு என்ன வயது என்று கேட்டேன், தெரியலைங்கம்மா என்றார். பின்னால் வரிசை நின்றது. நாற்பத்திரண்டு இருக்கும் என்று நானே வருடத்தைக் கழித்து எழுதினேன். தன் வயதே தெரியாத ஜனங்கள் என்று அன்றைக்கே செயலாளர் வீட்டில் சொல்லிச் சிரித்ததும் நினைவிருக்கிறது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேனா என்பது நினைவில்லை. அவர் மகனுக்கு அப்போதே கல்யாணமாகியிருந்தது. பத்திரிகை என் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது.

ஸ்டோர்ஸ்காரர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருப்பூரிலிருந்து மகனின் பள்ளிச் சான்றிதழை வரவழைத்தது அவர். அரசு மருத்துவமனையில் வயதுச் சான்றுக்காக உடன் அலைந்ததும் அவர். வெள்ளத்திலிருந்து தொடங்கி அன்றைக்கு ஹாலில் கேட்டதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி, ஜாதகக் கட்டத்தையும் மேலே வைத்துக் கோப்பாகக் கட்டி என்னிடம் கொடுத்தார். வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு மனு கொடுத்தவரும் நானும் ஆட்டோவில் போனோம்.

வி.ஏ.ஓ. என் கடைசி வருட மாணவர்களின் வயதில் இருந்தார். ஜாதகக் கட்டத்தை எடுத்து மேசையோரம் வைத்தார். "இதெல்லாம் செல்லாதுங்க மேடம்." பிறகு அந்த இரண்டு பக்கத்தை எடுத்தார். மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். கடைசி வரி வரை படித்தார். "எங்க பாட்டியும் மில்லுக் களத்துலதான் இருந்தாங்க" என்று என் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

"டாக்டர் சான்றும் பையனோட சர்டிஃபிகேட்டும் வச்சு மேல அனுப்பலாம். ஆனா பழைய தேதி எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. எழுதிக் குடுத்தவங்க ஒரு கடிதம் தரணும்."

"நான்தான் எழுதினேன். வருஷத்தைக் குத்துமதிப்பா போட்டுட்டேன்."

"சரி. ஜூன் ஒண்ணுன்னு இருக்கே, அதுக்கு எதாவது ஆதாரம் இருந்துச்சா?"

ஆதாரம் என்ன என்று முப்பத்தோரு வருடம் மற்றவர்களைக் கேட்டவள் நான். பதில் சொல்லத் தெரியாத மாணவர்களை வகுப்பு முழுக்க நிற்க வைத்திருக்கிறேன். "நினைவில்லை" என்றேன்.

"அம்மாவுக்கு மறந்திருக்கும்" என்றார் பக்கத்து நாற்காலியிலிருந்து. குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை, உதவி செய்கிற தொனிதான். "அது நான் அம்மா வீட்டுல வேலைக்குச் சேர்ந்த நாளுங்க. காலேஜ் திறக்கப்போகுது, ஒண்ணாம் தேதியே வந்துருன்னு சொன்னாங்க. அந்தத் தேதிதான் எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்."

வி.ஏ.ஓ. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். "அதையே எழுதுங்க மேடம்."

எழுதினேன். இவருடைய பிறந்த தேதி என்று நான் பதிவு செய்தது இவர் என் வீட்டில் வேலைக்குச் சேர்ந்த தேதி. அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. கையெழுத்துக்குக் கீழே என்ன வேலை பார்த்தீர்கள் என்பதையும் போடச் சொன்னார். ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் என்று போட்டேன்.